மன்னியின் ரோஸ் மெழுகு

ரோஸ் நிறத்தில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுக்கு இருக்கும் மெழுகுத் தகட்டை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, நீளவாக்கில் மடித்து, என் இடது பக்கப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிச்சுக்கோ. ஒரு நிமிஷம் அப்படியே இரு. பேசப்படாது" என்றாள் மன்னி. கடைவாய்ப் பல்லுக்கு அன்றைக்குத்தான் புதிதாகக் கேப் மாட்டியிருந்தாள். அது எதிர்ப் பல்லில் இடிக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த மெழுகு. இடிக்கிற இடத்தில் மெழுகு நசுங்கி மெலிந்துவிடும். டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை வியர்த்தது பல்லுக்காக இல்லை. மெழுகின் வாசனை மூக்கில் ஏறியதும், எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைக் காலை வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டது.

மன்னி என் அண்ணாவின் மனைவி. மந்தைவெளியில் முப்பது வருஷமாகப் பல் வைத்தியம் பார்க்கிறாள். நான் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், பாய் என்று நான் கூப்பிடும் ஒருவரோடு கூட்டாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். லேத்தும் கிரைண்டிங்கும் பாயின் கை, அளவும் கணக்கும் என்னுடையது. கார் இன்ஜினைப் பிரித்து, கம்பெனி கொடுத்ததைவிட அதிக சக்தி வரும்படி மாற்றிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. இந்த வேலைக்கு நான் வந்ததே எங்கள் வீட்டில் பெரிய வேடிக்கை, ஏனென்றால் நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்கிறவன். "இவன் நிழல் இவனுக்கு முன்னாடி போனா நின்னு வழி விடுவான்" என்று அண்ணா எல்லார் முன்னாலும் சொல்வான். பாய் மட்டும் வேறு மாதிரி சொல்வார். "பயப்படற ஆளு கைல இன்ஜினு ஒடையாது சாமி. தெகிரியமா கீறான் பாரு, அவன் கைலதான் ஒடையும்." இதை நான் ஒரு நற்சான்றிதழ் போல உள்ளே மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னியைப் பந்தயத் தடத்துக்கு முதன்முதலில் அழைத்துப் போனது நான்தான். ஒரு வாடிக்கையாளர் வண்டியைச் சோதிக்கப் போன இடத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், திரும்பி வரும்போது, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன்" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கூட யாரும் ஓடுவதில்லை, யாரையும் முந்த வேண்டியதில்லை. தனியாக ஓட்டி, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட வேண்டும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, எதிரே ஒரு நீளமான வெற்று ரோடு தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் வைர மூக்குத்தியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி என் சட்டைப் பையில் போடுவாள். அண்ணா ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. மயிலாப்பூர் வீட்டில் போனை எதிரே வைத்துக்கொண்டு, நான் கூப்பிடும்வரை காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பான். "உன்ன நம்பித்தான் அனுப்பறேன், பாத்துக்கோடா" என்பான். கேலி பேசுகிறவன் குரலில் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் கேலி இருக்காது.

வண்டி ஒரு பழைய ஜப்பான் கார். அதற்கு டர்போ வைத்தோம். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே போகும் காற்றை அமுக்கித் திணிக்கிற சக்கரம் அது. அதை வைத்துவிட்டால் அடுத்த கேள்வி கேம் ஷாஃப்ட். காற்று உள்ளே வருகிற வால்வையும் புகை வெளியே போகிற வால்வையும் எப்போது திறப்பது, எவ்வளவு ஆழம் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்தே வைப்பது என்று தீர்மானிக்கிற தண்டு அதுதான். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வால்வை ரொம்ப நேரம் திறந்தே வைக்கிற பெரிய கேம்தான் கேட்பார்கள். நின்ற இடத்திலேயே வண்டி குலுங்கிக் குலுங்கி உறுமும், அந்தச் சத்தத்துக்கு ஆசை. டர்போ இல்லாத வண்டிக்கு அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. டர்போ வண்டிக்கு அநேகமாக ஆகாது. கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டவர்கள் வெளியே போகிற கதவையும் அடுத்த பந்தி உள்ளே வருகிற கதவையும் சேர்ந்தாற்போலத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? வெளி வாசலில் நெரிசல் இருந்தால், கை அலம்பப் போனவர்கள் திரும்ப உள்ளேயே வந்து விழுவார்கள். டர்போ அந்த வெளி வாசல் நெரிசல். அதனால் இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் குறைவாக உள்ள ஷாஃப்டைத்தான் தேட வேண்டும்.

மூன்று ஷாஃப்டுகளின் அளவுத் தாள்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். பெரியது, நடுத்தரம், சின்னது. மன்னியிடம் கேட்டால், "நீ எதச் சொல்றியோ அதப் போடு. ஓட்டறதுதான் என் வேலை" என்றாள். வாடிக்கையாளர் என்றால் அளவைச் சொல்லி, நல்லது கெட்டதைச் சொல்லி, அவர் தலையில் பொறுப்பைக் கட்டிவிடலாம். இங்கே எதை எடுத்தாலும் அது என் கை எடுத்ததுதான். கடைசியில் சின்னதை எடுத்தேன். பாய் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "சத்தம் வராது. ஆனா வூட்டுக்கு வந்து சேரும்" என்றார். அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

புது ஷாஃப்ட் போட்டால் ஒரு பரீட்சை உண்டு. வால்வு கீழே இறங்கித் திறக்கிற அதே சமயத்தில் பிஸ்டன் மேலே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழையில் விலகிப் போக வேண்டும். எங்கள் பட்டறையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, மூடி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி திறந்து, பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு தடிமன் மிச்சம் என்று அளப்போம். மன்னி களிமண்ணைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, கிளினிக்கிலிருந்து ரோஸ் மெழுகைக் கொண்டுவந்தாள். அவளே ஒட்டினாள், அவளே ஸ்பானரைப் பிடித்துச் சுற்றினாள், திறந்ததும் அவளே பிளேடால் அறுத்து எடுத்தாள். மெழுகில் வால்வு பிறை வடிவத்தில் கடித்திருந்தது. மிச்சம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. "வாய்தாண்டா இதுவும்" என்று சிரித்தாள். பிறகு பாயின் சட்டப்படி, ஷாஃப்டைச் சுழற்றுகிற பல்சக்கரத்தின் போல்ட்டுகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. நாங்கள் பெயின்ட் தேட, மன்னி கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்துச் சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள். போல்ட்டை யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். கோடு உடைந்தால் இன்ஜினை மறுபடி திறந்து அளக்க வேண்டும். எங்கள் கடையில் அதற்கு விலக்கே கிடையாது. நெயில் பாலிஷ் பாட்டில் எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. குறுகலான வளைவிலிருந்து வெளியே வரும்போது மட்டும் டர்போ ஒரு நொடி தாமதமாக முழிக்கிறது என்று மன்னி ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அதே வாரம் வெள்ளிக்கிழமை, வேறு வண்டிக்காகக் காத்திருந்த ஒருவர் எங்கள் இன்ஜினை எட்டிப் பார்த்து, "இன்னா சார், டர்போ வெச்சு ஸ்கூட்டர் கேம் போட்டுக்கினுகீறீங்க" என்றார். கூட இருந்தவர் சிரித்தார். எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள், எனக்கு உறைத்ததில்லை. அன்றைக்கு ஏன் உறைத்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒரே ஒரு தடவையாவது பயப்படாதவன் மாதிரி இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஸ்பானரை எடுத்துப் போல்ட்டைத் தளர்த்தினேன். சிவப்புக் கோடு விரிந்து உடைந்தது. காற்று வால்வு கொஞ்சம் முன்னாலேயே திறக்கும்படி சக்கரத்தை நாலு டிகிரி நகர்த்தினேன். முன்னால் திறந்தால் டர்போ சீக்கிரம் முழிக்கும், ஆனால் வால்வும் பிஸ்டனும் இன்னும் நெருங்கும். தாளில் கணக்குப் போட்டேன். ஒன்றேகால் மில்லிமீட்டர் மிஞ்சியது. போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திறந்து அளக்க இரண்டு நாளாகும், மறுநாள் காலை தடத்தில் மன்னிக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். உடைந்த கோட்டின்மேலேயே புதிதாகக் கோடு போட்டேன். என் கை நடுங்கக்கூட இல்லை.

பயம் சாயங்காலம்தான் வந்தது. வந்ததும் வட்டியும் முதலுமாக வந்தது. நான் போட்ட கணக்கு நிற்கிற இன்ஜினுக்கு. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றில் கொதிக்கிற இன்ஜினில் ஸ்பிரிங் சோர்ந்து வால்வு பின்தங்கினால் என்ன ஆகும் என்று கணக்கில் வரவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் மன்னி ஒன்றும் சொல்ல மாட்டாள், ஓட்டத்தைத் தள்ளிப்போடுவாள், அவ்வளவுதான். ஆனால் கோட்டை உடைத்துவிட்டு மறுபடி பூசியதை எந்த வாயால் சொல்வது? தப்பைச் சொல்லிவிடலாம், மறைத்ததைச் சொல்வதுதான் கஷ்டம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் பெங்களூர் ரோட்டில் போகும்போது மன்னி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். தடத்துக்குப் போனதும் வழக்கம்போல் பானெட்டைத் திறந்து, டார்ச்சும் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியுமாகக் குனிந்தாள். ஒவ்வொரு முறையும் செய்வதுதான். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி கொஞ்சம் அதிக நேரம் நின்றது போல எனக்குத் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சமாதானம் செய்துகொண்டேன். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்கோல்லியோ?" என்றாள்.

"சரியா இருக்கு மன்னி" என்றேன்.

மூக்குத்தியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி என் பையில் போட்டாள். வண்டி கிளம்பியது. நான் சிமென்ட்டுக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து தடத்தின் கால்வாசிதான் கண்ணுக்குத் தெரியும், மிச்சமெல்லாம் காதுக்குத்தான். முதல் சுற்று. கியர் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் சத்தம் ஏறி, ஒரு கணம் அடங்கி, மறுபடி ஏறியது. டர்போ சீக்கிரமாகத்தான் முழித்தது, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய நான் வாய்க்குள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள். போதும், அடுத்த சுற்றில் கொடியைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மூன்றாவது சுற்றில், மரங்களுக்குப் பின்னால், சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு கடகடப்பு. பிறகு டயர் தேய்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமே இல்லாததை இப்போதும் என்னால் கேட்க முடியும். எங்கேயோ ஒரு காக்கை கத்தியது. நான் ஓட ஆரம்பித்தேன், ஒரு கையால் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு. மூக்குத்தி விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. பையில் இருப்பதை அண்ணாவின் கையில் கொடுக்க நேருமோ என்ற நினைப்பு வந்ததும் இன்னும் வேகமாக ஓடினேன். வண்டி மணலில் குறுக்காக நின்றது, பின்னால் எண்ணெய் ரோட்டில் நீளக் கோடாகக் கிடந்தது. மன்னி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, டயர் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் ஏந்திக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "கியர் மாத்தி விழுந்துடுத்துடா. நாலுக்குப் பதிலா ரெண்டு. என் தப்பு" என்றாள்.

அந்த வேகத்தில் இரண்டாவது கியர் விழுந்தால் எந்த இன்ஜினும் எகிறும், எந்த வால்வும் வளையும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. மணிக்கட்டு உடைந்து ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள், நான் உள்ளுக்குள் அப்பாடா என்றேன். சாயங்காலம் வண்டி பட்டறைக்கு வந்தபோது பாய் கடையில் இல்லை. தின்னரால் சிவப்புக் கோட்டைத் துடைத்தேன். சக்கரத்தை நாலு டிகிரி பின்னால் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே இறுக்கினேன். மறுநாள் பாய் திறந்தார். காற்று வால்வுகள் எல்லாம் வளைந்திருந்தன, ஒன்று தலை முறிந்து கிடந்தது, பிஸ்டன்களின்மேல் பிறை பிறையாகக் காயம். கோடு எங்கே போயிற்று என்று அவர் கேட்டதற்கு, எண்ணெயைத் துடைக்கும்போது போய்விட்டது என்றேன். "அம்மா கியரு மிஸ் பண்ணிட்டாங்கோ, நம்ம வேலைல கொற இல்ல" என்று பாய் பெருமூச்சு விட்டார். முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது.

மன்னிக்கு இரண்டு மாதம் மாவுக்கட்டு. அண்ணா கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் "போறும்" என்று ஒரு வார்த்தை சொன்னான். மன்னி அதற்குப் பிறகு தடத்துக்கு வரவில்லை. தெருக்கோடிக்குக்கூட வண்டி எடுப்பதில்லை, ஆட்டோதான். இடது மணிக்கட்டு முழுசாக மடங்காமலேயே போய்விட்டது. பல் பார்க்கிற கண்ணாடியை அதற்குப் பிறகு வேறு விதமாகப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். வண்டியைச் சரிபண்ணித் தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "இருக்கட்டும்டா" என்பாள். மயிலாப்பூர் வீட்டு போர்ட்டிகோவில் உறை போட்டபடி எட்டு வருஷம் நின்றது. தீபாவளிக்கு, திவசத்துக்கு, யாராவது பிறந்தநாளுக்கு என்று போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மன்னி பரிமாறும்போது என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தால் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். இப்போதும் டர்போ வண்டிக்கு ஷாஃப்ட் தேர்ந்தெடுக்கும்போது மூன்று தரம் அளக்கிறேன், ஆளுக்கு ஆள் போன் செய்து கேட்கிறேன். ரொம்பப் பொறுப்பான மனுஷன் என்கிறார்கள்.

இந்த மாதம் ஒருவர் வந்து அந்த வண்டியை வாங்கிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் நான் மெழுகைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மன்னி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை அலம்பிக்கொண்டிருந்தாள். "வண்டி போனதுலேர்ந்து வாசல் வெறிச்சோன்னு இருக்கு" என்றாள். குழாயை மூடினாள். "அந்த நெயில் பாலிஷ் ரெண்டு கோட்டிங் இருந்துதுடா."

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

"பல்லுல பழைய சிமென்ட்டு மேல புதுசு வெச்சா எனக்குத் தெரியாதா? அடில மங்கலா இருந்துது, மேல பளபளன்னு. கார்த்தாலயே பாத்துட்டேன். அதான் உன்னக் கேட்டேன்."

திரும்பி வந்து மெழுகை வெளியே எடுத்தாள். எடுத்ததைப் பார்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏன் மன்னி ஓட்டினேள்?" என்றேன்.

"நீ சரியா இருக்குன்னியே. நீ தொட்டிருந்தா, மறுபடி தொறந்து அளந்துட்டுத்தான் பூசியிருப்பன்னு நெனச்சேன். நீ பயந்தவனாச்சே."

"கியர்?"

"கியரெல்லாம் ஒழுங்காத்தான் போட்டேன். மூணுலேர்ந்து நாலு." பஞ்சால் மேஜையைத் துடைத்தாள். "சொல்லியிருந்தா உங்கண்ணா உன்ன ஆத்துக்குள்ள சேத்திருக்க மாட்டார். பாயும் கடைக்குள்ள விட்டிருக்க மாட்டார். அப்புறம் நீ எங்க போவ?"

நான் அழுதேன். ஐம்பது வயதில், கழுத்தில் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு. மன்னி காகிதக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம் ஏன் ஓட்டவே இல்லை, என்மேல் கோபமா என்று கேட்டேன். "கோவம் அன்னிக்கே போயிடுத்து. பயம்தான் போகல. வண்டிய நெனச்சு இல்லடா. அதுக்கப்புறம் யார் சரின்னு சொன்னாலும் நம்பத் தோணல."

அந்தப் பயம் என்னுடையது. பிறந்ததிலிருந்து நான் வைத்துக்கொண்டிருந்தது, ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னிடம் இல்லாமல் போனது. அதை அவள் எட்டு வருஷமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சரி, கொப்புளிச்சுட்டுக் கடிச்சுப் பாரு" என்றாள் மன்னி. கடித்தேன். "சரியா இருக்கா?"

இந்தக் கேள்விக்கு அந்த நாற்காலியில் நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன். எழுந்து ஓடினால் போதும் என்றிருக்கும், சரி என்றுவிடுவேன். இன்னொரு தரம் மெதுவாகக் கடித்துப் பார்த்தேன்.

"இல்ல மன்னி. இடிக்கறது."

"எங்க?"

"கடைசிப் பல்லுல. உள்பக்கம்."

அதற்கப்புறம்தான் கையிலிருந்த மெழுகை டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ரோஸ் நிறத்துக்கு நடுவில், கடைசியில், உள்பக்கமாக, ஊசித் தலையளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, மடங்காத இடது கையால் விளக்கை என் முகத்துக்கு நேரே இழுத்துவிட்டு, "வாயத் தொற" என்றாள்.